இறக்கும்போது மூச்சை விடு

— ரேடியோ பட்டன்ல இருந்து விரலை எடு தாயே. நீ உஸ்ஸுனு மூச்சு விடுறது சைட் பூரா கேக்குது. டீக்கடைக்காரரு வெளிய வந்து எந்த வண்டி டயர்ல காத்து போகுதுன்னு தேடிட்டு இருக்காரு.

— பாத்தேன், பாத்தேன். கிரேன் மேல இருந்து அவரு வழுக்கை பளிச்சுனு தெரியுது. வேணும்னேதாங்க அழுத்துனேன். ரேடியோ வேலை செய்யுதான்னு பாக்க.

— அதுக்கு எல்லாரும் ஹலோன்னு சொல்லுவாங்க. நீ ஒருத்திதான் பஞ்சர் சத்தம் குடுப்ப. பசங்க சும்மாவா உனக்குப் பஞ்சர் அக்கான்னு பேரு வச்சானுங்க?

— உங்களுக்கு மட்டும் என்ன வாழுதாம்? வாயை மூடவே தெரியாதுன்னு 'ரேடியோ'ன்னு வச்சிருக்காங்க. ரேடியோவுக்குப் பஞ்சரைக் கட்டி வச்ச புண்ணியவான் யாருன்னுதான் தேடிட்டு இருக்கேன்.

— சரி சரி, புருஷன் பொண்டாட்டி சண்டையைச் சானல்ல போடாத. இன்ஜினியர் சாரும் இதுலதான் இருக்காரு.

— இருக்கேன், இருக்கேன். எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கேன். ஓகே, ஆபரேட்டர் அம்மா, தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை தெளிவா பேசிடலாம். தப்பா எடுத்துக்காதீங்க, ப்ளீஸ்.

— சொல்லுங்க சார்.

— அன்னைக்குக் கம்பிக் கட்டுல இருந்து ஒரு கம்பி நழுவி விழுந்துச்சு. யாருக்கும் அடி இல்ல. ஆனா நீங்க அப்படியே உறைஞ்சு போயிட்டீங்க. கட்டு அந்தரத்துல தொங்குது, உங்க கை லீவரை விடல, கூப்பிட்டா பதில் இல்ல. தீயணைப்புக்காரங்க ஏறி வந்து விரலை ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்தாங்க. சரிதானே?

— சரிதான் சார். மூச்சு நெஞ்சுலயே மாட்டிக்கிச்சு. உள்ளயும் போகல, வெளியவும் வரல. வாயைத் தொறந்தேன், சத்தம் வரல.

— அதுக்கப்புறம் உங்களை ஸ்டோர்ல போட்டோம். நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்குற வேலை. நீங்களும் விடாம வந்து வந்து 'கிரேன் கேபினைத் திருப்பிக் குடுங்க சார்'னு என் ரூம் வாசல்ல நின்னீங்க. இன்னைக்கு ஒரே ஒரு லோடு. சுத்தமா இறங்கினா கேபின் உங்களுது. இல்லன்னா ஸ்டோர்தான். அதுக்கு மேல எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது. ஓகேவா?

— ஓகே சார்.

— பெட்டிக்குள்ள இருக்குறது இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த ஸ்கேன் மெஷின். கப்பல்ல வந்தது. அதைப் புதுக் கட்டடத்தைத் தாண்டிக் கொண்டு போகணும். பின்னாடி பழைய கட்டடத்தோட கூரையைத் தொறந்து வச்சிருக்கோம், அது வழியா ரூமுக்குள்ள இறக்கணும். சுத்தி ஒரு சாண் இடம்தான். புதுக் கட்டடம் மறைக்கிறதால அங்க நடக்குறது எதுவும் உங்க கண்ணுக்குத் தெரியாது. அங்க நின்னு சிக்னல் குடுக்கப் போறது உங்க வீட்டுக்காரரு. அவரு குரல்தான் உங்களுக்குக் கண்ணு.

— ஒரு சாண் எதேஷ்டம் சார். கட்டில்ல இவ எனக்கு விடுற இடம் அதைவிடக் கம்மி.

— ஐயோ, வாயைக் கழுவுங்க! சார் கேட்டுட்டு இருக்காரு!

— சிக்னல், ப்ளீஸ்.

— சாரி சார். பயத்துல வாய் தானா ஓடுது.

— உங்களுக்கு என்ன பயம்? மேல இருக்குறது அவங்க.

— பயமெல்லாம் நான் பட்டுக்கறேன், அவ படாம இருந்தா போதும் சார்.

— ஓகே. ஆபரேட்டர் அம்மா, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். நீங்க உஸ்ஸுனு செய்யுற அந்த மூச்சுப் பயிற்சியில நிஜமாவே ஏதாவது இருக்கா?

— அதுக்கப்புறம் நான் காட்டப் போன ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா சொல்லிக் குடுத்தாங்க சார். வயிறு நிறைய இழுக்கணும், இழுத்ததை விட நீளமா விடணும். அவ்வளவுதான். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரச் சொன்னாங்கன்னு மொத நாள் எனக்குக் கோவமே வந்துச்சு.

— அதுக்கப்புறம் எங்க வீடு வீடா இல்ல சார். அரிசி டப்பால ரெண்டு கரண்டியைக் குத்தி வச்சுப்பா. அதுதான் லீவராம். கண்ணை மூடிக்கிட்டு உஸ்ஸு, உஸ்ஸு. பசிக்குது, கரண்டியை எடும்மான்னா, 'இருங்க, லோடு இறங்கிட்டு இருக்கு'ங்கிறா.

— ஏத்தும்போது இழுப்பேன், இறக்கும்போது விடுவேன் சார். அப்படிப் பழகிட்டா கை பதறாது. புறங்கையில தண்ணி டம்ளரை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறிப் பாப்பேன். மொதல்ல எல்லாம் பாதித் தண்ணி படியிலதான் கெடக்கும். இப்ப ஒரு சொட்டு சிந்தாது.

— எங்கம்மா போன் பண்ணா அதுக்கும் உஸ்ஸு சார். எங்கம்மா எங்கிட்ட கேக்குறாங்க, 'என்னடா, உங்க வீட்டுக் குக்கர்ல ஏதோ கோளாறா'ன்னு.

— உங்கம்மா பேசுறப்போ நெஞ்சு படபடக்காம நிக்க முடிஞ்சா அப்புறம் எந்த லோடையும் இறக்கிடலாம். எனக்கு அதுதான் பெரிய பரீட்சை சார்.

— பாத்தீங்களா சார்? சானல்ல வச்சு எங்கம்மாவை இழுக்குறா!

— இவரு மட்டும் யோக்கியமா சார்? சொந்தக்காரங்க யாரு வந்தாலும், நடுவீட்டுல நின்னு வயித்தைத் தள்ளிக்கிட்டு, கன்னத்தை உப்பிக்கிட்டு, நான் மூச்சு விடுற மாதிரியே செஞ்சு காட்டுவாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நானும் கூடச் சேந்து சிரிப்பேன். என்ன பண்றது, கட்டிக்கிட்டாச்சு.

— அச்சு அசலா செய்வேன் சார். நேர்ல பாத்தா யாரு ஒரிஜினல்னு கேப்பீங்க.

— ஓகே, ஓகே. நேரம் ஆகுது. கொக்கி மாட்டியாச்சுன்னு பசங்க கையைக் காட்டுறாங்க. தூக்குங்க.

— ஒரு நிமிஷம் சார். ஏங்க, இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. பெட்டி கட்டடத்துக்குப் பின்னாடி போன அப்புறம் நீங்க பேசிட்டே இருக்கணும். உங்க குரல் நின்னா நான் கிரேனை நிறுத்திடுவேன். அப்புறம் யாரு சொன்னாலும் அசைக்க மாட்டேன்.

— நான் பேச்சை நிறுத்துறதா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீயும் அதுக்குத்தானே வேண்டிக்கிட்டு இருக்க. நடந்துச்சா?

— சிரிக்காதீங்க. நீங்க எங்க நிக்கிறீங்க?

— பழைய கட்டடத்துக் கூரை மேல, ஓட்டைக்கு இந்தப் பக்கம். பெட்டியில கட்டுன கயிறு வந்ததும் கையில புடிச்சுக்குவேன். கீழ ரூம்ல யாரும் இல்ல, நானே பூட்டிட்டு வந்தேன்.

— புதுக் கட்டடத்துச் சுவரு பக்கம் போயிடாதீங்க. பெட்டி ஆடுனா அங்க ஒதுங்க இடம் இருக்காது.

— என்னை விடும்மா, நான் ஓடிடுவேன். பெட்டி ஓடுமா? கோடி கோடியா குடுத்து வாங்கியிருக்காங்க. பெட்டியைப் பாரு.

— பெட்டியைப் பாத்துட்டேன். உங்களைத்தான் கேட்டேன். சரி, ஏத்துறேன் சார்.

— ஓகே. மெதுவா. மெதுவா. ஆ... நல்லா வருது. ஆடவே இல்லையே!

— இப்பதான் சார் தரையை விட்டிருக்கு.

— இல்ல, கிளம்பும்போது ஒரு குலுக்கு குலுக்கும். எல்லாருக்கும் குலுக்கும். ஓகே, நான் பேசல.

— சார் வாயை மூடிட்டாரு, நான் தொறந்துக்கறேன். ஏறட்டும், ஏறட்டும். கட்டடத்து உச்சிக்கு மேல வந்துருச்சா?

— வந்துருச்சு. திருப்புறேன். இப்போ மொட்டை மாடியைத் தாண்டுது. ஏங்க, இன்னும் கொஞ்சத்துல என் கண்ணுல இருந்து மறைஞ்சிடும்.

— எனக்கு அடிப்பக்கம் தெரியுது. வா, வா, வா. திருப்பு, இன்னும் திருப்பு, வா, வா. அப்படியே நில்லு. அழகு! இப்ப எனக்கு முழுசா தெரியுது.

— எனக்கு இப்ப சுவரும் கம்பிக்கயிறும்தான். இனிமே நீங்கதான்.

— நான்தான், நான்தான். இறக்கு. இறங்கு, இறங்கு, இறங்கு, நல்லா வருது, இறங்கு, இந்தா கயிறு கையில கிடைச்சிருச்சு, புடிச்சுட்டேன், இறங்கு, உன் வலது கைப்பக்கம் ஒரு துளி, துளின்னா துளி, போதும், இறங்கு, இறங்கு, ராசாத்தி மாதிரி வர்றா பாரு, இறங்கு, காத்து கொஞ்சம் அடிக்குது, பரவால்ல, இறங்கு, அடேய், கொஞ்சம் நில்லு, நில்லு, நில்லு! கயிறு... ஏய்... ஏய்!

— ஏங்க?

— ஏங்க, பேசுங்க.

— ஏங்க!

— ஆபரேட்டர் அம்மா, என்ன ஆச்சு? கிரேன் கம்பிக்கயிறு நின்னுருச்சு!

— நான்தான் நிறுத்தினேன் சார். அவரு குரல் நின்னுருச்சு.

— பெரிய காத்து ஒண்ணு அடிச்சுச்சு. இங்க ஷெட்டுத் தகரமே படபடன்னு ஆடுது. ஓகே, ஓகே, ஏத்துங்க. பெட்டியை மேல ஏத்திடுங்க, ஏத்திட்டுப் பேசிக்கலாம்.

— ஏத்த மாட்டேன் சார்.

— என்னது?

— ஸ்கிரீன்ல எடை குறைச்சலா காட்டுது. பெட்டி எங்கயோ போயி சாஞ்சிருக்கு, இல்ல மாட்டியிருக்கு. அவரு அதுக்கு எந்தப் பக்கம் இருக்காருன்னு எனக்குத் தெரியாது. இப்ப ஏத்துனா எது எங்க இடிக்கும்னு சொல்ல முடியாது.

— சும்மா விட்டா மட்டும் என்ன ஆகும்னு தெரியுமா? நான் சொல்றேன், ஏத்துங்க! இது என் ஆர்டர்!

— நீங்க முன்பக்கம் நிக்கிறீங்க சார். உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. குருடனுக்குக் குருடன் வழி காட்டின கதையா ஆயிடும்.

— அம்மா, உங்க குரல் நடுங்குது. அன்னைக்கு மாதிரி ஆயிடுச்சா? உண்மையைச் சொல்லுங்க. தீயணைப்பைக் கூப்பிடவா?

— நடுங்குது சார். கையும் நடுங்குது. மூச்சை விட்டுட்டு இருக்கேன். ஆனா அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்போ என்னால பதில் சொல்ல முடியல. இன்னைக்குச் சொல்லிட்டு இருக்கேன்ல?

— ஆமா. ஆமா, சொல்றீங்க.

— அப்ப ஒரே ஒரு உதவி பண்ணுங்க. கொஞ்ச நேரம் சானலை எங்களுக்கு விட்டுடுங்க. நீங்க பேசிட்டு இருந்தா அவரு குரல் உள்ள வராது.

— ஓகே. நான் ஓடிப் போயி அந்தப் பக்கம் பாக்குறேன். ஏணி வச்சு ஏறணும், நேரம் ஆகும்.

— ஓடுங்க சார். ஏங்க, நான்தான். கிரேன் நிக்குது. நீங்க சொல்லாம இது ஒரு இஞ்சுகூட அசையாது. கேக்குதா? கேட்டா பட்டனை மட்டும் அழுத்துங்க. பேச வேணாம்.

— ஹ்... ஹ்... ஹ்...

— கேட்டுச்சு! ஐயோ, உசுரோட இருக்கீங்க. போதும், எனக்கு அது போதும். அடி பட்டிருக்கா?

— ஹ்... இ... இல்... ஹ்...

— இல்லையா? சரி. நெஞ்சு அடைக்குதா? மூச்சு உள்ள போக மாட்டேங்குதா?

— ஹ்... ஹ்...

— அது உள்ள போகாதது இல்லங்க, வெளிய வராததுதான். பழசு வெளிய வந்தாத்தான் புதுசு உள்ள போகும். எனக்கு நல்லாத் தெரியும், அந்த எடத்துல நான் இருந்திருக்கேன். இப்ப ஒரு வேலை பண்ணுங்க. சொந்தக்காரங்க வந்தா என்னை மாதிரியே செஞ்சு காட்டுவீங்களே, அதைச் செய்யுங்க.

— எ... ன்ன...

— கேலிதான். வயித்தைத் தள்ளி, கன்னத்தை உப்பி, உஸ்ஸுனு. நல்லா பெருசா பண்ணுங்க. உங்க சித்தப்பா வீட்டு ஆளுங்க எல்லாரும் வரிசையா உக்காந்து பாத்துட்டு இருக்காங்கன்னு நெனச்சுக்கங்க. ம், ஆரம்பிங்க.

— ஹ்... உ... உஸ்...

— ஐயே, இது என்ன? இதுக்கு யாரு சிரிப்பா? சின்னப் புள்ள கூடச் சிரிக்காது. இன்னும் நீளமா.

— உஸ்ஸ்...

— இன்னும். அத்தை முன்னாடி பல்லைக் கடிச்சுட்டு நிப்பேன்ல, அந்த மாதிரி.

— உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

— அது! இப்ப வயிறு தானா நெறையும், நீங்க இழுக்க வேணாம். திரும்ப விடுங்க. நானும் கூட விடுறேன். உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

— உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்... அடியே...

— என்னங்க?

— சிரிப்பு வருதுடி. சாகக் கெடக்குறேன், சிரிப்பு வருது.

— வரட்டும், வரட்டும். சிரிக்கிறதும் மூச்சு விடுறதுதான். இப்ப மெதுவா சொல்லுங்க. எங்க இருக்கீங்க?

— காத்து அடிச்சதும் கயிறு கையை உருவிட்டுப் போயிருச்சு. பெட்டி நேரா என் மேல வந்துச்சு. தப்பிக்கிற பக்கம்னு நெனச்சு சுவரு பக்கம் ஓடிட்டேன். நீ போகாதன்னு சொன்ன அதே சுவரு.

— சரி. தெரிஞ்ச கதைதான். நீங்க என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கீங்க? மேல சொல்லுங்க.

— சுவத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல குந்திக்கிட்டு இருக்கேன். பெட்டியோட மேல் மூலை, ஜன்னலுக்கு மேல நீட்டிட்டு இருக்குற சன்ஷேடுக்கு அடியில போயி மாட்டிருக்கு. சன்ஷேடு விரிசல் விட்டிருக்கு. என் தலைக்கு நேரா இருக்கு. நீ மட்டும் மேல ஏத்தியிருந்தா...

— ஏத்தல. ஏத்த மாட்டேன். ஒரு நிமிஷம் இருங்க, நான் ஒரு மூச்சு விட்டுக்கறேன். உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்... ம். உங்க கால் எங்க இருக்கு? பெட்டிக்கு அடியில ஏதாவது மாட்டியிருக்கா?

— இல்ல. மடக்கி வச்சிருக்கேன். அடியில ஒண்ணும் இல்ல.

— நல்லா பாத்துச் சொல்லுங்க. உங்க சட்டை, கயிறு, எதுவும்?

— பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. கயிறு அந்தப் பக்கம் கெடக்கு. ஏம்மா, உனக்குக் கை நடுங்குதா?

— இப்ப இல்ல. உங்களோட சேந்து விட்டதுல எனக்கும் நின்னுருச்சு. சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?

— மொதல்ல ஒரு விரக்கடை இறக்கு. விரக்கடைதான். மூலை சன்ஷேடுல இருந்து விடுபடணும். அப்புறம் சுவத்துல இருந்து வெளிய எடு, உன் இடது கைப்பக்கம்.

— பேசிட்டே இருங்க. இறக்குறேன்.

— இறங்கு, இறங்கு, நில்லு! விட்டுருச்சு. மூலை விட்டுருச்சு. இப்ப இடது பக்கம், ஆட விடாத, மெதுவா, மெதுவா, வருது, வெளிச்சம் வருது, இன்னும், இன்னும், உஸ்ஸ்ஸ், இன்னும் கொஞ்சம், வெளிய வந்துட்டேன்! வந்துட்டேன்டி! கூரைக்கு நடுவுல நிக்கிறேன்!

— நில்லுங்க. அப்படியே நில்லுங்க. ஐயோ, கண்ணுல தண்ணி வந்து ஸ்கிரீனே தெரிய மாட்டேங்குது. தொடச்சுக்கறேன்.

— தொடச்சுக்க, தொடச்சுக்க. நானும் அதைத்தான் பண்ணிட்டு இருக்கேன்.

— நான் பின்பக்கம் வந்துட்டேன்... ஆஹ்... ஏணி மேல நிக்கிறேன்... ஆஹ்... ஓகே, அவரு நல்லா இருக்காரு. நான் பாத்துட்டேன். அம்மா, பெட்டியை முன்பக்கம் கொண்டு வந்து தரையில வச்சிடுங்க. இன்னைக்கு இது போதும். சிக்னல், நீங்க கீழ வாங்க, ப்ளீஸ்.

— வேணாம் சார். இப்ப கீழ வந்தா நாளைக்கு நான் எந்தக் கூரை மேலயும் ஏற மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

— உங்க கால் இப்பவும் வெடவெடன்னு ஆடுது. இங்க இருந்தே தெரியுது.

— கால்தானே ஆடுது சார், வாய் ஆடலையே. சிக்னலுக்கு வாய் போதும்.

— அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?

— அவரே இறக்கட்டும் சார். அன்னைக்கு என்னைக் கேபின்ல இருந்து இறக்குனதுல இருந்து இத்தனை நாளா நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ராத்திரி கண்ணை மூடினா லீவருதான் வரும். அது அவருக்கு வேணாம். ஆனா காத்து அடங்கட்டும். நீங்களும் அங்கயே நின்னு பாருங்க. ஏங்க, இந்தத் தடவை ஓட்டைக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. சுவரு பக்கம் முதுகைக் காட்டாம.

— நீ சொன்னா சரி. இந்தா, மாறி நின்னுட்டேன்.

— என்னை விடு, பெட்டியைப் பாருன்னு இப்ப சொல்லலையே?

— சொல்ல மாட்டேன். புத்தி வந்துருச்சு.

— காத்து நின்னுருச்சு. ஓகே, இப்ப இறக்கலாம்.

— ஏம்மா, தயாரா?

— தயார். நீங்க?

— உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ். தயார்.

— அட! சானல்ல பஞ்சர் சத்தம் யாரோ குடுக்குறாங்க!

— சிரிச்சது போதும், வேலையைப் பாரு. கயித்தைப் புடிச்சுட்டேன். இறங்கு, இறங்கு, உன் இடது கைப்பக்கம் ஒரு துளி, போதும், இறங்கு, ஓட்டைக்கு மேல நேரா வந்துருச்சு, இறங்கு, நாலு பக்கமும் சாண் சாண் இருக்கு, இல்ல, இந்தப் பக்கம் ஒரு விரல் கம்மி, வலது பக்கம் கொஞ்சூண்டு, ஆ, அங்கதான், இறங்கு, உள்ள போகுது, பாதி போயிருச்சு, இறங்கு, நீளமா விடு, நீளமா விடு, இறங்கு, மேல் மூலையும் உள்ள போயிருச்சு, இப்ப தரை தெரியுது, ஒரு முழம், ஒரு சாண், மெதுவா, மெதுவா, நாலு விரக்கடை, பூவை வைக்கிற மாதிரி வை, வை... வச்சுட்ட! வச்சுட்டடி! கயிறு தொய்ஞ்சிருச்சு! தரையில உக்காந்துருச்சு!

— நிஜமாவா? சுவத்துல எங்கயும் படலயே?

— ஒரு சுண்ணாம்புத்துளி கூட உதிரல! அந்தா கேளு, முன்பக்கம் பசங்க எல்லாம் கத்துறானுங்க!

— கேக்குது. ஹெல்மெட்டைக் கழட்டி வீசுறானுங்க. டீக்கடைக்காரரு தட்டைத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஐயோ, ஏங்க, நான் இறக்கிட்டேன்! நான் இறக்கிட்டேங்க!

— பஞ்சர் அக்கா வாழ்கன்னு கத்துறானுங்கடி!

— கத்தட்டும்! இனிமே அந்தப் பேரையே வச்சுக்கறேன். கேபின் கதவுல பெருசா எழுதி வைக்கிறேன்!

— அம்மா, நான் பேசலாமா?

— பேசுங்க சார்.

— கேபின் உங்களுது. அதுல இனிமே எந்தப் பேச்சும் இல்ல. நான் ஆர்டர் போட்டப்போ நீங்க கேட்டிருந்தீங்கன்னா, இந்நேரம் நான் என்ன கதியில இருப்பேன்னு நெனச்சுப் பாக்கவே முடியல. அந்தப் பயிற்சியை எனக்கும் சொல்லிக் குடுங்க. சைட்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க. வேலை தொடங்குறதுக்கு முன்னாடி தினமும் செய்யலாம்.

— சொல்லித் தர்றேன் சார். இவரையும் கூட்டிட்டு வர்றேன். என்னை விட இவருதான் நல்லா செஞ்சு காட்டுவாரு.

— ஓகே. இன்னொரு விஷயம் இருக்கு. ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது, ப்ளீஸ்.

— என்ன சார் இழுக்குறீங்க?

— அந்தப் பெட்டிக்குள்ள ஸ்கேன் மெஷின் இல்ல. அதே எடைக்குச் செங்கலை அடுக்கி ஆணி அடிச்ச பெட்டி அது. நிஜ மெஷின் இன்னும் கேட்டுக்கு வெளிய லாரியில நிக்குது. மொதல்ல இதை வச்சுப் பாக்கணும்னு எனக்கு மேல இருந்து உத்தரவு. முன்னாடியே சொன்னா சாதாரணமா எடுத்துக்குவீங்கன்னு மறைச்சுட்டேன். இப்ப நிஜத்தைத் தூக்கணும். நீங்கதான் தூக்கணும்.

— செங்கலா? சார், செங்கலுக்கா நான் அங்க செத்துப் பொழச்சேன்? கோடி ரூபா மெஷினுக்கு உசுரைக் குடுக்கறோம்னு ஒரு கௌரவமாவது இருந்துச்சே சார்! அதையும் புடுங்கிட்டீங்களே!

— மன்னிச்சிடுங்க. தப்புதான். அம்மா, உங்களுக்கும்தான் கேக்குறேன். ரொம்பக் கோவமா?

— கோவம் எதுக்கு சார்? காலையில நான் ஏறி உக்காந்தப்பவே, ஷெட்டுக்குப் பின்னாடி ஆளுங்க அந்தப் பெட்டியில செங்கல் அடுக்கிட்டு இருந்தாங்க. மேல இருந்து பாத்தா என்னதான் தெரியாது?

— தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் பாடுபட்டீங்க? வெறும் செங்கலுக்கு எதுக்கும்மா அப்படி மூச்சைப் புடிச்சு, மூச்சை விட்டு, கண்ணுல தண்ணி வேற விட்டுக்கிட்டு?

— பெட்டிக்குள்ளதான் சார் செங்கல். பக்கத்துல நின்னது என் வீட்டுக்காரரு.